நாள்வணிகமும் தன்னடக்கமும்: ஊவா மலைநாட்டு வரலாறு தரும் பாடம்

ஒரு பண்டத்தையோ பங்கையோ காலையில் வாங்கி, சந்தை மூடுமுன் அன்றே விற்றுத் தீர்த்து, இடைப்பட்ட விலைவேறுபாட்டை இலாபமாகக் கொள்ள முயலும் தொழிலை நாள்வணிகம் எனலாம். முன்னர்த் தலைநகரத் தரகர் சிலருக்கே எட்டியிருந்த இத்தொழில், கைத்தொலைபேசி பரவியபின் எங்கிருந்தும் செய்யத்தக்கதாயிற்று. பதுளையில் வாழும் ஓர் இளைஞர், தம் வீட்டு முற்றத்திலிருந்து தெரியும் மலையின் பெயரைத் தாங்கிய பெருந்தோட்டக் கம்பனியொன்றின் பங்கினைக் கொழும்புக்குச் செல்லாமலே வாங்கலாம்; விலை ஏறின் விற்கலாம். 1992ஆம் ஆண்டில் அரச தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டதன் பின்னர், மடுல்சீமை, நமுனுகுல என்னும் ஊவாப் பெயர்களும் கொழும்புப் பங்குச் சந்தையின் விலைப்பட்டியலில் இடம்பெறலாயின.

இத்தொழிலில் வெற்றிபெறுதற்கு வேண்டிய திறன்கள் யாவை, ஒழுக்கம் யாது என்னும் வினா மாணவரிடையே எழுவது இயல்பே. விடைகூற முன்வருவோர் பெரும்பாலும் விலைக்கோட்டுப் படங்களையும் கணிப்பு முறைகளையுமே காட்டுவர். இக்கட்டுரை வரலாற்றின் வழியே அவ்வினாவை அணுகுகிறது. ஊவாவின் மலைச்சரிவுகள் கோப்பிக் காலந்தொட்டே உலகச் சந்தையின் விலைக்குக் கட்டுண்டவை. அவ்விலையோடு பழகியோருள் நிலைத்தவர் யாவர், வீழ்ந்தவர் யாவர், வீழ்ச்சியின் சுமை எவர் தலையில் இறங்கியது என்பவற்றை நோக்கின், வணிகன் பயிலவேண்டிய அடக்கத்தின் இயல்பு ஒருவாறு புலனாகும்.

கோப்பி: விலை மறைத்த நோய்

1840களின் முற்பகுதியில் இலங்கையில் கோப்பித் தோட்டம் திறக்கும் ஆர்வம் ஒரு வெறியாகவே பரவியது. ஆங்கிலேய வணிகர் மட்டுமன்றி, ஆட்சி அலுவலரும் படை அதிகாரிகளும் மதகுருமாருங்கூட அரச காணிகளை வாங்கினர். பயிர்த்தொழில் அறிவு இல்லாதாரும், கடன் பெறும் வாய்ப்பு ஒன்றே முதலாக உடையாரும் இதில் இறங்கினர். 1847ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிதி நெருக்கடி தோன்றிக் கோப்பி விலையும் வீழ்ந்தபோது, பெருஞ்செலவில் திறக்கப்பட்ட தோட்டங்கள் பல மிக அற்ப விலைக்குக் கைமாறின. மண்ணும் மரமும் அன்றும் மாறாதிருந்தன. விலை என்றும் ஏறியே நிற்கும் என்ற நம்பிக்கையே தகர்ந்தது.

இவ்வனுபவத்தின் பின்னரும் கோப்பி மீண்டெழுந்தது. ஊவாக் கோப்பி தரத்தாற் பெயர்பெற்றது. கொழும்புக்கு மிகத் தொலைவிலிருந்த அம்மாவட்டத்திலிருந்து விளைபொருள் மாட்டு வண்டிகளிலே மலைகடந்து செல்லவேண்டியிருந்தது. புகையிரதம் அப்புத்தளையை 1893ஆம் ஆண்டிலும், பண்டாரவளையை 1894ஆம் ஆண்டிலும், பதுளையை 1924ஆம் ஆண்டிலுமே எட்டியது. இத்தகைய இடையூறுகளுக்கு இடையிலும் தோட்டங்கள் பெருகின. 1870ஆம் ஆண்டளவில் நாட்டின் கோப்பி ஏற்றுமதி ஏறத்தாழப் பத்து இலட்சம் அந்தராக உயர்ந்திருந்தது.

இவ்வுச்சத்துக்குச் சற்று முன்னரே அழிவின் முதற்குறி தோன்றிவிட்டது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. 1869ஆம் ஆண்டில், ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமைப் பகுதியின் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்குப் பூஞ்சண அறிஞர் பேர்க்லி அதனை ஆராய்ந்து, 'எமிலெயா வாசுராத்திரிக்சு' எனப் பெயரிட்டார். சில ஆண்டுகளுள் இந்நோய் கோப்பி விளையும் மாவட்டங்கள் அனைத்திலும் பரவியது.

நோய் தோன்றியும் தோட்டத்துரைமார் உடனே ஒடுங்கவில்லை. 1870களில் உலகச் சந்தையிற் கோப்பி விலை ஏறிக்கொண்டே சென்றதே இதற்குக் காரணமாகும். ஏக்கரொன்றின் விளைச்சல் ஆண்டுதோறும் குறைந்தது. ஆயினும் ஓர் அந்தருக்குக் கிடைத்த பணம் கூடியமையால் வருமானத்தில் இழப்புத் தெரியவில்லை. கணக்கேட்டின் இறுதி வரியை மட்டும் நோக்கியவர்கள் கடன்பெற்றுப் புதுக்காடுகளை வெட்டி மேலும் கோப்பியை நட்டனர். நோயை ஆராய 1880ஆம் ஆண்டில் வந்த மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலாளர், ஒரே பயிர் இடைவெளியின்றி மலைமுழுதும் நிறைந்திருந்தமை பூஞ்சணத்தின் பரவலுக்கு எத்துணை வாய்ப்பாயிற்று என்பதை எடுத்துக்காட்டினார். அதற்குள் காலங்கடந்துவிட்டது. தோட்டங்களுக்குப் பெருமளவிற் கடன் வழங்கியிருந்த ஒறியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனம் 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் முறிந்தது. அவ்வங்கியின் தாள்களே நாட்டிற் பணமாக வழங்கியமையால், தேசாதிபதி ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசின் உத்தரவாதம் அளிக்க நேர்ந்தது.

இதிலிருந்து வணிகன் பெறவேண்டிய முதற்பாடம் தெளிவானது. இலாபம் கிடைத்தது என்பதனால் முடிவு சரியானது என்று கொள்ளலாகாது. சரிந்துவரும் விளைச்சலை ஏறிவரும் விலை மறைத்ததுபோல, பிழையான பழக்கத்தை நல்லூழ் சிலநாள் மறைக்கும். முதல் மாதத்தில் எண்ணாமல் வாங்கிப் பொருளீட்டிய நாள்வணிகன், 1870களின் தோட்டத்துரையின் நிலையிலேயே இருக்கிறான். இலையின் அடிப்புறத்தை அவன் இன்னும் புரட்டிப் பார்க்கவில்லை.

நகரத்தார் ஏடும் அதன் எல்லையும்

கோப்பிக்கும் தேயிலைக்கும் வேண்டிய அரிசியையும் பணத்தையும் மலைநாட்டுக்குக் கொண்டுவந்தோருள் நாட்டுக்கோட்டை நகரத்தார் தலையாயவர். கொழும்புச் செட்டியார் தெருவை மையமாகக் கொண்டு அவர்கள் நடத்திய கொடுக்கல் வாங்கல், மலைநாட்டுப் பட்டினங்களின் கடைகள்வரை வேர்விட்டிருந்தது. அவர்தம் வெற்றிக்கு அடிப்படையாயமைந்தது நெடுங்காலப் பயிற்சி. இளவயதிற் பெட்டியடிப் பையனாகக் கடையிற் சேரும் ஒருவர், எடுபிடி வேலையில் தொடங்கி, கணக்கெழுதக் கற்று, அடுத்தாளாகி, பல ஆண்டுகளின் பின்னரே பிறர் முதலைத் தம் பொறுப்பில் ஆளும் மேலாள் நிலையை எய்துவார். முதலை இழக்கும் உரிமை பயிற்சியின் இறுதியிலேயே வழங்கப்பட்டது என்பது கூர்ந்து நோக்கற்பாலது. இன்றைய நாள்வணிகனுக்கோ அவ்வுரிமை முதல்நாளிலேயே கிடைத்துவிடுகிறது.

அன்றன்றைய வரவுசெலவை அன்றே எழுதி முடித்தல், பேரேட்டிற் பதிதல், குறித்த காலத்தில் ஐந்தொகை எடுத்து இருப்பையும் கடனையும் ஒப்பிடல் ஆகியன அவர்தம் கடையொழுக்கம். எழுதாத கணக்கு நினைவில் இனிமையாகவே திரிபடையும். பெற்ற இலாபம் நீளும், உற்ற நட்டம் சுருங்கும். ஏடு அத்திரிபைத் தடுக்கும். வாங்கிய விலை, விற்ற விலை, தரகு என்பவற்றோடு, எக்காரணத்தால் வாங்கினேன் என்பதையும் வாங்குமுன் எழுதிவைக்கும் வணிகன், மாத முடிவிலே தன்னைத் தானே தணிக்கை செய்யும் வாய்ப்பைப் பெறுகிறான்.

எனினும் ஏட்டொழுக்கம் ஒன்றே எல்லாரையும் காத்துவிடவில்லை. நகரத்தார் தம் சொந்த முதலோடு, ஆங்கிலேய வங்கிகளிடமிருந்து குறுகிய தவணையிற் பெற்ற கடனையும் கொண்டு தொழில் செய்தனர். அதனை நிலத்தின்மீதும் தோட்டங்களின்மீதும் நீண்ட தவணைக்குக் கொடுத்தனர். 1925ஆம் ஆண்டில் அவர்தம் நிறுவனங்கள் சில முறிந்தபோது வங்கிகள் கடனைச் சுருக்கின; திருப்பிக் கேட்ட பணத்தை உடன் திரட்ட இயலாமல் ஏனைய நிறுவனங்களும் இடருற்றன. 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு இந்நிலைமையை விரிவாக ஆராய்ந்தது. 1939ஆம் ஆண்டில் இலங்கை வங்கி தோன்றியது. கொடுத்தவன் எந்நாளும் திருப்பிக் கேட்கக்கூடிய பணத்தைக் கொண்டு, எந்நாளில் திரும்பும் என்று தெரியாத பொருளை வாங்கலாகாது என்பது இதன் கருத்து. தரகு நிறுவனம் தரும் கடனிற் பங்கு வாங்குவோர்க்கும் இது முற்றிலும் பொருந்தும். விலை சற்று இறங்கியதும் அக்கடன் திருப்பிக் கேட்கப்படும்; பொறுத்திருக்கும் ஆற்றல் உடையவனும் பொறுத்திருக்க முடியாதவனாவான்.

ஏல மண்டபத்திற் பெறும் பயிற்சி

கோப்பி அழிந்த நிலத்தில் தேயிலை வளர்ந்தது. 1883ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற் கொழும்பில் முதலாவது பொதுத் தேயிலை ஏலம் நடைபெற்றது. அன்றுமுதல் ஊவாத் தேயிலையின் ஒவ்வொரு விற்பனைத் தொகுதியும் தனித்தனியே மதிப்பிடப்பட்டு வருகிறது. ஏலத்தில் வாங்குபவர் நாள்வணிகர் அல்லர். அவர் வாங்கும் தேயிலை கலக்கப்பட்டுக் கப்பலேறிக் குடிப்போரைச் சென்றடைவது. ஆயினும், ஒரு தொகுதிக்குச் சில நொடிகளே கிடைக்கும் நிலையில், ஒரே நாளிற் பல நூறு முடிவுகளை எடுக்கவேண்டிய அவர்தம் தொழில், விரைந்து முடிவெடுக்கும் திறன் எவ்வாறு அமைகிறது என்பதை அறிய நமக்குக் கிடைக்கும் மிக அணுக்கமான சான்றாகும்.

அவ்விரைவுக்குப் பின்னால் நீண்ட ஆயத்தம் இருக்கிறது. ஏலத்துக்கு முன்னரே பட்டியலும் மாதிரிகளும் வாங்குவோரைச் சேரும். சமநிறையான தூளிற் கொதிநீர் வார்த்து, ஐந்தாறு நிமிடம் ஊறவிட்டு, வரிசையாக வைத்த கிண்ணங்களிற் சாயத்தையும் மணத்தையும் சுவையையும் தேர்வர். ஒரே தோட்டத்தின் பெயரைத் தாங்கியதாயினும் சென்ற வாரத் தேயிலையும் இவ்வாரத் தேயிலையும் ஒன்றெனக் கொள்ளார். ஒவ்வொன்றுக்கும் தாம் கொடுக்கத்தக்க உச்ச விலையைப் பட்டியலின் ஓரத்திற் குறித்துக்கொள்வர். ஏலத்தின்போது அவ்விலையைக் கடந்து கேள்வி எழுந்தால், குறித்த விலையை மீறாமல் விட்டுவிடுவதே தேர்ந்த வணிகரின் வழக்கம். முடிவு அமைதியான அறையில் எடுக்கப்பட்டது. ஆரவாரமான மண்டபத்தில் அது நிறைவேற்றப்படுகிறது அவ்வளவே. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் கொள்ளைநோய் காரணமாக ஏலம் கணினி வழிக்கு மாறிய பின்னரும் இம்முறை மாறவில்லை.

ஊவாவின் பருவம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் நீங்கிய உலர்காற்றாக ஊவாப் பக்கம் இறங்கும். தமிழர் கச்சான் என வழங்கும் அக்காற்றுக் காலமாகிய ஜூலை முதல் செப்ரெம்பர் வரையுள்ள மாதங்களில் ஊவாத் தேயிலை தனியொரு மணத்தைப் பெறும். அதன் விலையும் உயரும். ஆனால் அம்மணம் காற்றோடு வந்து மழையோடு போவது. சில நாள் மழை பெய்தால் அடுத்த தொகுதியிற் சிறப்புக் குன்றிவிடும். தோட்டத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்குபவர் இங்குத் தோற்பார். அவ்வாரத்துக் கிண்ணத்தை நம்புபவர் தப்புவார்.

நால்வகை அறிதல்

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன. அரசனுக்கு உரைக்கப்பட்ட இம்முறை வணிகனுக்கும் ஏற்புடையதே. மேற்கண்ட வரலாற்றை இந்நான்கனுள் அடக்கிக் கூறலாம்.

வாங்கும் பொருளை ஆராய்ந்தறிதல் முதலாவது. ஓரிரு கம்பனிகளின் கணக்கையும் விலைநடையையும் ஆழமாக அறிந்தவன், பலவற்றை மேலோட்டமாக அறிந்தவனிலும் மேலானவன். தன் முதலின் வலிமையை அறிதல் இரண்டாவது. ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். ஒருவரிடம் 100,000 ரூபா உள்ளது. ஒவ்வொரு வணிகத்திலும் கையிலுள்ளதில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இழப்பதில்லை என வரம்பு செய்துகொண்டால், தொடர்ந்து பத்துமுறை தோற்றாலும் 90,000 ரூபாவுக்குச் சற்று மேல் எஞ்சும். ஒவ்வொரு முறையும் நூற்றுக்குப் பத்தை இழப்பின் எஞ்சுவது 35,000 ரூபாவுக்கும் குறைவு. பழைய நிலையை அடைய எஞ்சியதை ஏறத்தாழ மூன்று மடங்காக்க வேண்டும். எப்பொருளை வாங்குவது என்பதிற் பிழைபட்டவர் மீளலாம். எவ்வளவு இழக்கலாம் என்பதிற் பிழைபட்டவர் மீள்வது அரிது.

காலமறிதல் மூன்றாவது. வாங்காமல் இருக்கும் நாளும் தொழில்நாளே என உணர்தல் இதில் அடங்கும். நட்டமடைந்த அன்றே அதனை மீட்க முனைந்து மேலும் வாங்குவது, நோயுற்ற மரத்தருகே புதுக்கோப்பி நட்டமைக்கு ஒப்பாகும். இடனறிதல் நான்காவது; தான் நிற்கும் சந்தையின் இயல்பை அறிவது அது. கொழும்புச் சந்தை பெரிய நாடுகளின் சந்தைகளைப் போன்று ஆழமுடையதன்று. விற்க விரும்பும் கணத்தில் வாங்குவோர் இல்லாது போகலாம். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில், நாட்டின் பொருளாதார நெருக்கடி காரணமாக, சந்தை ஐந்து வேலைநாட்கள் மூடப்பட்டது. அன்றே விற்போம் என எண்ணி வாங்குபவனுக்கு அந்த நாளே இல்லாது போகக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

இத்துணையும் பயின்றோர் அனைவரும் வெல்வர் என்றும் கூறவியலாது. இந்தியப் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில் பங்குகளில் நாள்வணிகம் செய்த தனியாட்களுள் பத்துப்பேரில் ஏழுபேர் நட்டமடைந்தனர். முப்பது வயதுக்குட்பட்டோரிடை நட்டமடைந்தோர் வீதம் 76 ஆக இருந்தது. ஆண்டில் 500 முறைக்கு மேல் வணிகம் செய்தோரிடை அது 80 ஆக உயர்ந்தது. உழைப்பு மிகுந்தால் பயன் மிகும் என்னும் பொதுவிதி இத்தொழிலில் தலைகீழாகிறது. ஒவ்வொரு கைமாற்றமும் தரகும் கட்டணமும் உடையது. அச்சிறு செலவுகளே ஆண்டு முடிவிற் பெருந்தொகையாகித் திரும்புகின்றன. எனவே நாள்வணிகத்தை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவர், முதலிற் பணமின்றி ஏட்டளவில் ஓராண்டேனும் பயின்று, தம் கணக்கே தமக்குச் சான்று கூறியபின் முடிவெடுப்பது அறிவுடைமையாகும். அச்சான்று எதிராக அமையின் விலகிக்கொள்வதும் அவ்வொழுக்கத்தின் ஒரு கூறே.

இழப்பு இறங்கும் இடம்

ஊவாவின் வரலாற்றை எழுதுவோர் இத்துடன் நிறுத்திக்கொள்ளல் இயலாது. விலையில் ஆடியோரின் இழப்பு அவர்களோடு முடிந்ததில்லை. கோப்பி வீழ்ந்த காலத்திற் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையாகித் தொழிலாளர் வெறுங்கையராய் நின்றனர். தேயிலைக் காலத்தில், 1929ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமாகவும் பெண்ணுக்கு 43 சதமாகவும் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்ததும், 1930களின் தொடக்கத்திலேயே அச்சொற்பத் தொகையும் குறைக்கப்பட்டது. 1933ஆம் ஆண்டின் அனைத்துலகத் தேயிலை உடன்படிக்கை ஏற்றுமதியை வரையறுத்து விலையைத் தாங்கியது. ஏற்றத்திற் பங்கு பெறாதவர் இறக்கத்திற் பங்காளராக்கப்பட்டமையே தோட்டங்களின் நீண்டகால வரலாறு.

தோட்டத்து வழக்கில் 'பேர்' என்னும் சொல் ஒருநாள் வேலையைக் குறிக்கும். செக்றோலில் ஒரு நாளுக்குரிய பேர் விழுந்தாற் சம்பளம் உண்டு. நிறுத்த கொழுந்து குறித்த அளவுக்குக் குறைந்தால் அரைப்பேராகிவிடும். கச்சான் வீசும் உலர்மாதங்களில் ஊவாத் தேயிலையின் விலை உயரும் என்று முன்னர்க் கண்டோம். அதே வறட்சியில் தளிர் சுருங்கி, செடியிற் கொழுந்து குறையும் என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். ஏல மண்டபத்தில் விலை உச்சத்தை எட்டும் வாரமே, பசறையிலும் லுணுகலையிலும் மலையேறிய பெண்ணின் கூடை நிறையாத வாரமாகவும் அமையக்கூடும்.

நாள்வணிகனும் கொழுந்தெடுப்பவளும் நாளையே அலகாகக் கொண்டு உழைப்பவர்கள். முன்னவர் தாம் ஏற்கும் இடரைத் தாமே தெரிந்தெடுக்கிறார். பின்னவருக்கு அத்தெரிவு அளிக்கப்பட்டதில்லை. தோட்டத்து லயத்திலிருந்து பல்கலைக்கழகம்வரை வந்த மாணவர் பலரின் கல்விக்குப் பின்னால், ஒருவர் பல்லாண்டு சேர்த்த பேர்களே முதலாக இருக்கின்றன. அச்சேமிப்பை ஒரு காலைப்பொழுதிற் பணயம் வைக்கும் முன்னர், அது எத்தனை நாட்பேர் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம், எந்த விலைக்கோட்டுப் படமும் கற்பிக்காத ஒழுக்கமாகும். இழக்கத்தக்கது எவ்வளவு என்னும் வரம்பை வணிகன் அவ்வெண்ணிக்கையிலிருந்தே தொடங்கி வகுத்தல் வேண்டும்.